சத்து மாத்திரைத் திட்டத்தை மூடிவிடலாமா? (விவாத இழை)

பிப்ரவரி 4. வாசகர் ஒருவரின் கேள்வி

1970-இலிருந்து கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துக்கொண்டே இருக்கிறோம். 2015-16 தேசியக் குடும்ப நல ஆய்வில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. 2019-21 ஆய்வில் அது 57. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 58.6-லிருந்து 67.1. இறங்க வேண்டியது ஏறியிருக்கிறது. அரை நூற்றாண்டு போதாதா? திட்டத்தை மூடிவிட்டு அந்தப் பணத்துக்கு முட்டையும் கீரையும் கொடுத்தால் என்ன?

பிப்ரவரி 4, இரவு

மூடக் கூடாது. விழுப்புரம் பக்கம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மாத்திரையை என் கையால் கொடுத்தவள் என்பதால் பேசுகிறேன்.

நீங்கள் சொன்ன அதே ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது. கர்ப்ப காலத்தில் 180 நாளாவது மாத்திரை சாப்பிட்டதாகச் சொன்ன தாய்மார்கள் 26 சதவீதம்தான். அதற்கு முந்தைய ஆய்வில் 14.4. நூறு நாளாவது சாப்பிட்டவர்கள் 44 சதவீதம். நாலு பேரில் ஒருத்திதான் முழுசாகச் சாப்பிட்டிருக்கிறாள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. வாய்க்குள் போகாத மருந்தை, வேலை செய்யவில்லை என்று எப்படித் தள்ளுவது?

பிப்ரவரி 5

முட்டை, கீரை பற்றி. கொடுக்கத்தான் வேண்டும். சத்துணவில் பிள்ளைகளுக்கு வாரம் ஐந்து முட்டை போடும் மாநிலம் இது, அதைக் குறைக்கச் சொல்பவள் இல்லை நான். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு கர்ப்பத்துக்கு மொத்தமாக உடம்புக்குத் தேவைப்படும் இரும்பு ஏறக்குறைய 1,000 மில்லிகிராம். பிள்ளைக்கு, நச்சுக்கொடிக்கு, பிரசவத்தில் போகும் ரத்தத்துக்கு, கூடும் ரத்த அளவுக்கு என்று எல்லாம் சேர்த்து. ஒரு முட்டையில் சுமார் 1 மில்லிகிராம். கேழ்வரகு 100 கிராமில் 4 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேலே. அதிலும் அரிசி, கீரை, பருப்பிலிருந்து குடல் எடுத்துக்கொள்வது நூற்றில் ஐந்து முதல் எட்டுப் பங்குதான்.

இப்போது மாத்திரை. ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு. 180 நாளுக்கு 10,800. அதில் பத்தில் ஒரு பங்கு உள்ளே போனாலும் ஆயிரத்தை எட்டிவிடுகிறது. 180 என்ற எண்ணை யாரும் ராசி பார்த்து வைக்கவில்லை.

எச்பி (ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின், டெசிலிட்டருக்கு இத்தனை கிராம் என்று சொல்வது) 12-இல் இருக்கிற பெண் கர்ப்பமானால் சாப்பாடு பெரும்பகுதி தாங்கும். எங்கள் பக்கம் பெண்கள் கர்ப்பத்துக்குள் வரும்போதே 9, 9.5. அந்தப் பள்ளத்தை ஆறு மாதத்தில் முருங்கைக்கீரையால் மட்டும் நிரப்ப முடியாது.

பிப்ரவரி 5, மாலை

மேலே சொன்னதோடு ஒன்று. மாத்திரை போட்ட கையோடு டீ குடித்தால் அந்தப் பத்தில் ஒரு பங்கும் கிடைக்காது. காப்பியும் அப்படித்தான். கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போட்டாலும் குறையும். கால்சியம் ஒரு நாளைக்கு இரண்டு வேளை, 500 மில்லிகிராம். இரும்பு ஒரு வேளை. இடையில் இரண்டு மணி நேரமாவது இருக்க வேண்டும். விடியற்காலை களையெடுக்கப் போகிறவளிடம் இந்த அட்டவணையைச் சொல்லிப் பாருங்கள். "எனக்குக் கடிகாரம் பார்க்கவா நேரம், நர்சம்மா?" என்பாள். அதனால் நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: கால்சியம் காலையும் மதியமும் சாப்பாட்டோடு, இரும்பு ராத்திரி படுக்கப்போகும் முன். ராத்திரி டீ யாரும் குடிப்பதில்லை, குமட்டலும் தூக்கத்தில் போய்விடும்.

பிப்ரவரி 7

ஏன் சாப்பிடுவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு நீளமாகவே எழுதுகிறேன், விஷயமே இங்கேதான் இருக்கிறது.

முதல் காரணம் வயிறு. குமட்டல், எரிச்சல், மலச்சிக்கல். மலம் கறுப்பாகப் போகும். முதல் தடவை கறுப்பாகப் பார்த்தவள் பயந்து நிறுத்திவிடுவாள். "கறுப்பாகப் போனால் மாத்திரை உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம், பயப்படாதே" என்று முன்கூட்டியே சொன்னால் பாதிப் பேர் தொடர்வார்கள். பின்னால் போய்ச் சொன்னால் நம்ப மாட்டார்கள். மறைக்கப் பார்த்தாய் என்று நினைப்பார்கள்.

இரண்டாவது, மாமியார். மாமியாரைக் குறை சொல்லவில்லை. அவர்கள் பயம் அவர்களுக்கு. சத்து மாத்திரை போட்டால் வயிற்றுப்பிள்ளை பெருத்துப்போகும், அப்புறம் ஆபரேஷன்தான் என்று எங்கள் பக்கம் ஆழமாக நம்புகிறார்கள். பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்பது இன்னொன்று. நான் அந்தப் பெண்ணிடம் பேசுவதைக் குறைத்து மாமியாரிடம் பேச ஆரம்பித்தேன். "உங்கள் மருமகளுக்குப் பிரசவத்தில் ரத்தம் போனால் தாங்கணும் இல்லையா, அம்மா?" என்றால் அவர்களுக்குச் சட்டென்று புரியும். பிரசவத்தில் ரத்தம் போய் ஒரு பெண் செத்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள்தானே.

மூன்றாவது, மாத்திரையே. முன்பெல்லாம் பெரிய டப்பாவிலிருந்து எண்ணிக் காகிதத்தில் மடித்துக் கொடுப்போம். ஐப்பசி ஈரத்தில் மேல்பூச்சு கரைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், துருவாடை அடிக்கும். அதைப் பார்த்து முகம் சுளிக்காதவர் இல்லை. அட்டையில் அடைத்து வர ஆரம்பித்த பிறகுதான் அது மருந்து மாதிரி ஆனது. தேசியத் திட்டம் என்று பெரிதாகப் பேசும்போது இந்த மாதிரி விஷயம் யார் கண்ணிலும் படாது.

நாலாவது, மாத்திரை இல்லாத மாதங்கள். வந்து கேட்டவளை வெறுங்கையோடு அனுப்பினால் அடுத்த மாதம் நீங்கள் கொடுத்தாலும் அவள் மனசு விட்டிருக்கும்.

பிப்ரவரி 8

"படிப்பறிவில்லாத பெண்கள், சொன்னால் கேட்க மாட்டார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது எனக்குக் கோபத்தையே வரவைக்கிறது. ஆன்டிபயாடிக்கை ஐந்து நாள் சொன்னால் மூன்று நாளில் நிறுத்தும் படித்தவர்களை எத்தனையோ பேரைப் பார்க்கிறோம். உடம்புக்கு ஒன்றும் தெரியாத நோய்க்கு, வாந்தி வரவைக்கும் மாத்திரையை ஆறு மாதம் தினமும் போட வேண்டும், போட்டாலும் பலன் தெரிய ஒரு மாதம் ஆகும். யாராக இருந்தாலும் கஷ்டம்தான். அந்தக் கஷ்டத்தைத் திட்டத்தின் பக்கம் வைத்துப் பாருங்கள், பெண்ணின் தலையில் வைக்காதீர்கள்.

பிப்ரவரி 11

இப்போது முதல் கேள்விக்குத் திரும்புகிறேன். ஏறியிருக்கிறது என்றீர்கள் அல்லவா. உண்மையிலேயே ஏறியதா?

குடும்ப நல ஆய்வில் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு எடுத்து கையடக்கக் கருவியில் பார்க்கிறார்கள். விரல் குத்துவது பார்க்கச் சுலபம், செய்யக் கஷ்டம். ரத்தம் சரியாக வரவில்லை என்று விரலைப் பிதுக்கினால் திசுநீர் கலந்துவிடும், எச்பி குறைவாகக் காட்டும். குளிரில் கை ஜில்லென்று இருந்தால் ரத்தம் வராது, பிதுக்கத்தான் தோன்றும். நான் வேலையில் சேர்ந்த காலத்தில் சாலி முறை. அமிலத்தில் ரத்தத்தைக் கலந்து, தண்ணீர் விட்டு விட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் நிறத்தை ஒத்துப் பார்க்க வேண்டும். ஒரே ரத்தத்தை இரண்டு பேர் பார்த்தால் இரண்டு எண் வரும்.

2016-18-இல் நடந்த முழுமையான தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் பார்த்தார்கள். ஒன்று முதல் நாலு வயதுக் குழந்தைகளில் ரத்தசோகை 41 சதவீதம். குடும்ப நல ஆய்வில் 58, 67. வயது வரம்பு கொஞ்சம் வேறு என்றாலும் இவ்வளவு இடைவெளிக்கு அது மட்டும் காரணம் இல்லை. அடுத்த குடும்ப நல ஆய்விலிருந்து இந்தச் சோதனையை எடுத்துவிட்டு, உணவு மற்றும் உயிர்க்குறியீட்டு ஆய்வு என்று தனியாக, நரம்பு ரத்தத்தில் பார்ப்பதாக முடிவு செய்தது இதனால்தான்.

அதே 2016-18 ஆய்வில் இன்னும் முக்கியமானது ஒன்று. அந்த வயதுக் குழந்தைகளில் துத்தநாகக் குறைபாடு 19 சதவீதம், வைட்டமின் ஏ 18, ஃபோலேட் 23, பி12 14. ரத்தசோகை என்றால் இரும்பு மட்டும் இல்லை. பி12 குறைந்த பிள்ளைக்கு எவ்வளவு இரும்பு ஊற்றினாலும் எச்பி நகராது. கொக்கிப்புழு இருக்கிற பிள்ளைக்கும் அப்படித்தான். அதனால்தான் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அல்பெண்டசோல் கொடுக்கிறார்கள். இந்தக் குடற்புழு நீக்க நாளை வெறும் சடங்காக நினைக்காதீர்கள்.

பிப்ரவரி 12

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, "அப்படியென்றால் ரத்தசோகை பெரிய பிரச்சினையே இல்லையா?" என்று கேட்டிருக்கிறார்கள். அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்களைப் பற்றித்தான் சந்தேகம். உலக சுகாதார நிறுவனமே 2024-இல் ஆறு முதல் 23 மாதக் குழந்தைகளுக்கு, இதற்குக் கீழே ரத்தசோகை என்று சொல்லும் எச்பி எல்லையை 11-லிருந்து 10.5-ஆக்கியிருக்கிறது. கர்ப்பத்தின் நடு மூன்று மாதத்துக்கும் 10.5. ஆனால் எச்பி 6-இல் பிரசவத்துக்கு வரும் பெண்ணைப் பற்றி எந்தக் கருவிக்கும் சந்தேகம் இல்லை. உதடு வெளுத்து, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும்.

பிப்ரவரி 15

உங்கள் பேச்சு அயோடின் உப்புப் பக்கம் போய்விட்டது, நல்லதுதான்.

1956 வாக்கில் இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் ஒரு பகுதிக்கு அயோடின் கலந்த உப்பும் இன்னொரு பகுதிக்குச் சாதா உப்பும் கொடுத்துப் பார்த்தார்கள். சில வருடங்களில் அயோடின் பகுதியில் முன்கழுத்துக் கழலை (அயோடின் குறைந்தால் வரும் கழுத்து வீக்கம்) தெளிவாகக் குறைந்தது. 1962-இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் வந்தது. 2018-19 கணக்கெடுப்பில் நாட்டின் 76 சதவீத வீடுகளில் போதுமான அயோடின் உள்ள உப்பு இருந்தது.

ஏன் உப்பு ஜெயித்தது, மாத்திரை தடுமாறுகிறது? உப்பில் அந்தப் பெண் புதிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. உப்பளத்திலும் ஆலையிலும் 30 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு உப்பில் 30 பங்கு) அயோடின் சேர்த்துவிட்டால், வீட்டுக்கு வரும்போது 15 இருந்தால் போதும். மீதி குழம்பு பார்த்துக்கொள்ளும்.

ஆனால் அதே கணக்கெடுப்பில் கடைசி இடம் எந்த மாநிலத்துக்குத் தெரியுமா? தமிழ்நாட்டுக்கு. 61.9 சதவீதம். தூத்துக்குடியை வைத்துக்கொண்டு! காரணம் கல் உப்பு. எங்கள் வீட்டிலும் அம்மா காலத்திலிருந்து ஜாடியில் கல் உப்புதான். பொட்டலத்தில் அயோடின் சேர்த்தது என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குகிறோம் இப்போது. கல் உப்பைக் கழுவினாலோ, ஈரத்தில் திறந்து வைத்தாலோ மேலே தெளித்த அயோடின் போய்விடும்.

பிப்ரவரி 16

"அப்படியானால் இரும்பையும் அரிசியிலேயே கலந்துவிடலாமே, கலந்துகொண்டுதானே இருக்கிறார்கள்?" கலக்கிறார்கள். 2021 சுதந்திர தினத்தில் பிரதமர் அறிவித்தார். ரேஷன், சத்துணவு, அங்கன்வாடி எல்லாவற்றுக்கும் செறிவூட்டிய அரிசி. அரிசி மாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி மாதிரியே வார்த்து, நூறு அரிசிக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலக்கிறார்கள். ஊறும்போது மிதக்கும், நிறம் கொஞ்சம் வேறு. எங்கள் ஊரில் பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறிந்தார்கள்! சத்து இருந்த மணியை மட்டும் குறிபார்த்துக் குப்பையில் போட்டார்கள். ரேஷன் கடையில் ஒரு ஆள் ஒரு நாள் நின்று விளக்கியிருந்தால் போதும்.

நான் செறிவூட்டலுக்கு எதிரி இல்லை. ஆனால் கவலை இருக்கிறது. பெங்களூருவின் அனுரா குர்பாத் போன்ற ஊட்டச்சத்து ஆய்வாளர்கள், எல்லோருக்கும் ஒரே மாதிரி இரும்பு ஊற்றுவதை எச்சரித்திருக்கிறார்கள். மாத்திரை, டானிக், அரிசி, இரும்பு கலந்த உப்பு என்று எல்லா வழியிலும் ஒரே ஆளுக்குப் போனால் அளவை யார் கூட்டிப் பார்ப்பது? தலசீமியா, அரிவாள் செல் நோய் என்ற பிறவி ரத்த நோய்கள் உள்ளவர்கள் கதை தனி. நீலகிரிப் பழங்குடிகளிடம் அரிவாள் செல் இருப்பது எல்லோருக்கும் தெரிந்ததே. இன்னொன்று, ஒரு கிலோவில் 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு. ஒரு பெண் ஒரு நாளைக்குக் கால் கிலோ அரிசி சாப்பிட்டால் 7 முதல் 10.6 மில்லிகிராம் வரை. இது தாழாமல் பிடித்துவைக்கும். ஏற்கெனவே தாழ்ந்தவளை ஏற்றாது. அவளுக்கு மாத்திரைதான்.

பிப்ரவரி 20

வைட்டமின் ஏ பற்றி யாருமே கேட்கவில்லை. அதற்கும் 1970-லிருந்தே திட்டம் இருக்கிறது. ஒன்பது மாதத்தில் தடுப்பூசியோடு ஒரு லட்சம் யூனிட், அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இரண்டு லட்சம், ஐந்து வயது வரை ஒன்பது வேளை.

நம் ஊர்க்காரர்கள் பெருமைப்பட ஒன்று சொல்கிறேன். மதுரை அரவிந்த் மருத்துவமனைக் குழு திருச்சி மாவட்டத்தில் 15,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் ஆய்வு செய்தது. வாரா வாரம் சின்ன அளவு வைட்டமின் ஏ கொடுத்ததில் குழந்தை இறப்பு 54 சதவீதம் குறைந்தது. 1990-இல் வெளியானது. உலகமே திரும்பிப் பார்த்தது. பின்னால் உத்தரப்பிரதேசத்தில் பத்து லட்சம் குழந்தைகளிடம் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பெரிய அளவு கொடுத்துப் பார்த்த ஆய்வு 2013-இல் வெளியானபோது அந்த மாதிரிப் பலன் தெரியவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எனக்குக் கண்ணில் படுவது, திருச்சியில் ஒருவர் வாரா வாரம் வீட்டு வாசலுக்குப் போனார் என்பதுதான். வாரத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்ப்பவர் வயிற்றுப்போக்கையும் பார்ப்பார், காய்ச்சலையும் பார்ப்பார். அந்த ஆய்வில் ஒப்பிட்ட குழந்தைகளின் வீட்டுக்கும் அப்படியே போனார்கள், அதனால் பலன் முழுவதும் வருகையால் என்று சொல்ல முடியாது. இருந்தாலும் ஒரு தேசியத் திட்டம் எதை நகல் எடுக்க வேண்டும் என்று யோசிக்கும்போது மருந்தை மட்டும் எடுத்துக்கொண்டு வாரா வாரம் போன காலை விட்டுவிட்டோம் என்று தோன்றுகிறது.

பிப்ரவரி 22

இரும்பு மாத்திரையிலேயே சேர்ந்திருக்கும் ஃபோலிக் அமிலம் பற்றி. சுருக்கமாக. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் நரம்புக்குழாய் கரு உண்டாகி 28 நாளுக்குள் மூடிவிடும். எங்களிடம் பெண் வந்து பதிவதே இரண்டாம் மாதம், மூன்றாம் மாதம். அதற்குப் பிறகு கொடுக்கும் ஃபோலிக் அமிலம் ரத்தத்துக்கு நல்லது, அந்தக் குழாய்க்கு உதவாது. அதனால் கல்யாணமான பெண்ணுக்கு, கர்ப்பத்துக்கு முன்பே போக வேண்டும். பள்ளியில் வாரம் ஒரு நீல மாத்திரை கொடுக்கிறோம். பள்ளி முடிந்து கல்யாணமாகி முதல் கர்ப்பம் வரை இருக்கும் அந்த இடைவெளியில் அவள் யார் பதிவேட்டிலும் ஒழுங்காக இல்லை. 2018-இல் வந்த ரத்தசோகை இல்லா பாரதம் திட்டத்தில் 20 முதல் 49 வயதுப் பெண்களுக்கு வாரம் ஒரு சிவப்பு மாத்திரை என்று எழுதியிருக்கிறது. நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில் கொடுக்கலாம், மகளிர் குழுக் கூட்டத்தில் கொடுக்கலாம்.

பிப்ரவரி 27

"குறை எல்லாம் சொல்கிறீர்கள், நீங்களே திட்டம் போட்டால் முதலில் எதை மாற்றுவீர்கள் அக்கா?"

இரண்டாவது ரத்தப் பரிசோதனை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

எனக்குத் தெரிந்த மாதாந்திர அறிக்கைகளில் கேட்டதெல்லாம் எத்தனை மாத்திரை கொடுத்தாய் என்று. எத்தனை பேருக்கு எச்பி ஏறியது என்று கேட்டதில்லை. கேட்காததை யார் செய்வார்? விதி புத்தகத்திலேயே இருக்கிறது: ரத்தசோகை இருக்கிற கர்ப்பிணிக்கு தினம் இரண்டு மாத்திரை, ஒரு மாதம் கழித்து மறுபடி பார், ஒரு கிராமாவது ஏறவில்லை என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. இதை மட்டும் நாடு முழுக்க ஒழுங்காகச் செய்தால் எல்லாம் வெளியே வரும். ஏறவில்லை என்றால் அவள் சாப்பிடவில்லை, அல்லது சாப்பிட்டும் பி12 இல்லை, புழு இருக்கிறது, தலசீமியா. ஊசி வழியாக இரும்பு ஏற்ற வேண்டியவள் யார் என்பதும் ஏழாம் மாதத்திலேயே தெரிந்துவிடும், பிரசவ அறையில் தெரிய வேண்டியதில்லை.

இதில் இன்னொரு லாபம். "போன மாதம் 8.8, இந்த மாதம் 9.9" என்று அவளிடமே சொன்னால் மூன்றாவது மாத மாத்திரையை நீங்கள் கெஞ்ச வேண்டியதில்லை. நான் எத்தனையோ விதமாகப் பேசிப் பார்த்தவள். அந்த இரண்டு எண்ணைப் போலப் பேசியது எதுவும் இல்லை.

ஆள் எங்கே என்று கேட்பீர்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே போய் மாத்திரை கொடுக்கிறார்கள். அதே தெருவில்தான் கர்ப்பிணியும் இருக்கிறாள்.

பிப்ரவரி 28

மேலே எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. செங்கல் சூளை. எங்கள் பக்கத்திலிருந்து தை பிறந்ததும் குடும்பம் குடும்பமாகச் சூளைக்குப் போய்விடுவார்கள், மழைக்கு முன்தான் திரும்புவார்கள். ஐந்தாம் மாதத்தில் போனவள் கைக்குழந்தையோடு திரும்புவாள். ஒரு மாதம் கழித்துப் பார் என்றால் யாரைப் பார்ப்பது? போகும்போதே மூன்று மாத மாத்திரையைக் கையில் கொடுக்கலாம், பிக்மி எண்ணை (கர்ப்பிணிப் பதிவு எண்) சொல்லி எந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம். ஆனால் சூளை முதலாளி அரை நாள் விட வேண்டும். அங்கே இருக்கும் செவிலியர் சூளைக்குள் போக வேண்டும். இதற்குச் சுகாதாரத் துறை மட்டும் போதாது, தொழிலாளர் துறையும் வர வேண்டும்.

மார்ச் 2

தங்கைக்கு ஆறாம் மாதம், எச்பி 9.2, பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்த தம்பிக்கு.

பயப்பட வேண்டாம், ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம். டாக்டர் இரண்டு மாத்திரை எழுதியிருந்தால் ஒன்று மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து, இன்னொன்று ராத்திரி. டீயும் கால்சியமும் பக்கத்தில் வேண்டாம். எலுமிச்சைச் சாறோ கொய்யாவோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்ளட்டும், இரும்பு நன்றாக உள்ளே போகும். மலம் கறுப்பாகும் என்று இன்றே சொல்லிவிடுங்கள், உங்கள் அம்மாவிடமும் சொல்லுங்கள். குடற்புழு மாத்திரை கொடுத்தார்களா என்று கேளுங்கள். ஏப்ரல் முதல் வாரம் நீங்களே கூட்டிக்கொண்டு போய் மறுபடி ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள், அவர்கள் கூப்பிடட்டும் என்று காத்திருக்காதீர்கள். 10.2-க்கு மேல் இருந்தால் அதையே தொடரலாம். 9.2-லேயே நின்றால், "மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டாள், ஏறவில்லை" என்று டாக்டரிடம் சொல்லுங்கள். இரும்பு ஊசியா, பி12 பார்க்க வேண்டுமா என்று அவர் முடிவு செய்வார்.